வீட்டுச் சௌகரியமும் ஊர்ச் சபையும்

உத்திரமேரூர்த் தாலுகாவின் கிராமங்களில் டெலிவிஷன் இல்லாத வீட்டை இன்று தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் மின்சார விசிறி சுழல்கிறது. அம்மி கொல்லைப்புறத்தில் சாய்ந்து கிடக்க, அதன் வேலையை மிக்ஸி செய்கிறது. 2023-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி மாலை 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரயான்-3 அனுப்பிய விக்ரம் கலம் சந்திர மண்டலத்தில் இறங்கியபோது, அக்காட்சியைக் காண நமது குடியானவர் பட்டணத்துக்கு ரயிலேற வேண்டியிருக்கவில்லை. அத்திட்டத்தின் இயக்குநர் நம் விழுப்புரத்தைச் சேர்ந்த திரு. வீரமுத்துவேல் என்பதை வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே அறிந்து பெருமை கொள்ள முடிந்தது. இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம்.

வரவேற்காதவர்களும் உண்டு. 2006-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி திரு. மு. கருணாநிதியின் சர்க்கார் வர்ண டெலிவிஷன் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2011-ல் அதே செப்டம்பர் 15-ந் தேதி செல்வி ஜெயலலிதாவின் சர்க்கார் மிக்ஸி, கிரைண்டர், மின்சார விசிறி ஆகியவற்றை வழங்கத் தொடங்கியது. (அண்ணாதுரையின் பிறந்த நாள் என்பதால் இரு கட்சியாரும் அத்தேதியைப் பிடித்துக்கொண்டனர். டில்லியில் டெலிவிஷன் முதன்முதலாகத் தோன்றியதும் 1959-ம் வருஷம் அதே தேதியில்தான் என்பது ஒரு வேடிக்கை.) பிரஜைகளைச் சோம்பேறிகளாக்கும் வேலை இது என்று அன்று பலர் கூவினர். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. தேர்தல் அறிக்கையில் இவ்வாறு வாக்களிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாதென்று 2013 ஜூலையில் தீர்ப்பாயிற்று. சட்டம் கிடக்கட்டும். கூவியவர்களில் எத்தனை பேர் ஒரு நாளேனும் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து ஒரு படி அரிசியை அரைத்துப் பார்த்தவர்கள்? வயலில் நாற்று நட்டுவிட்டு வந்து, இருட்டிய பின் குழவியைப் பிடித்த ஸ்திரீக்குத்தான் கிரைண்டரின் மதிப்புத் தெரியும். அவளுக்குத் தினந்தோறும் மிச்சமாகும் நேரத்தைச் சோம்பல் என்று சொல்ல நமக்கு நாக்கூசுகிறது.

நமது கவலை வேறு. முன்பெல்லாம் ஊராட்சியின் டெலிவிஷன் அறை முன்பு ஊரே கூடிற்று. பெட்டி வீட்டுக்குள் வந்தபின் அந்தக் கூட்டம் கலைந்தது. அதில் நஷ்டமொன்றுமில்லை. ஆனால் கலையக் கூடாத வேறொரு கூட்டமும் கலைந்து வருகிறது. அது உத்திரமேரூரைச் சுற்றிலும் நடப்பதால் அதிகமாக உறுத்துகிறது.

உத்திரமேரூர்ச் சபையின் கதையை நம் வாசகர்கள் அறிவார்கள். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய வருஷங்களில் அச்சபையார் தங்கள் விதிகளைக் கல்லில் பொறித்தனர். 30 குடும்புகள், ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தல், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனத் தனித்தனி வாரியங்கள். உறுப்பினராவதற்குரிய தகுதிகளில் சொந்த மனையில் கட்டிய வீடு இருக்கவேண்டும் என்பதும் ஒன்று. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. அவனுடைய உறவினருக்கும் இல்லை. அது பிராமணர் சபை. நிலமில்லாதவருக்கும் ஸ்திரீகளுக்கும் அங்கே இடமிருக்கவில்லை என்பதை மறைத்து வெறும் புகழ் பாடுவது நமக்குச் சம்மதமன்று. இன்றைய கிராம சபையோ அப்படிப்பட்டதன்று. 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆண் பெண் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. குடிசைவாசிக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் அங்கே ஒரே மதிப்பு. (உத்திரமேரூர் இன்று பேரூராட்சி ஆகிவிட்டபடியால், கிராம சபை என்பது சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கே உரியது!)

2020 டிசம்பர் 10-ந் தேதி டில்லியில் புதிய பார்லிமெண்டுக் கட்டிடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்ட வைபவத்தில், பிரதம மந்திரி இந்தச் சாசனத்தை எடுத்துக்காட்டிப் பேசினார். அவ்வைபவத்தைத் தேசமெங்கும் டெலிவிஷனில் பார்த்தனர். பார்லிமெண்டு விவாதங்களுக்கென்றே தனி அலைவரிசை இருக்கிறது. நமது சட்டசபையின் கேள்வி நேரமும் 2022 ஜனவரி முதல் நேரலையாக வந்தது. எங்கோ கூடும் சபைகளை வீட்டிலிருந்தே பார்க்கிறோம். நடந்து போகும் தூரத்தில் கூடும் சபைக்கு மட்டும் போவதில்லை.

காரணம் என்ன? கிராம சபை வருஷத்தில் ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் பாதிக்கு மேல் விடுமுறை நாட்கள். விடுமுறை நாட்களில்தான் டெலிவிஷன் கம்பெனிகள் பட்டிமன்றத்தையும் புதுப் படத்தையும் வரிசையாக வைத்துக் காத்திருக்கின்றன. சபை கூடுவதோ பெரும்பாலும் முற்பகல் 11 மணிக்கு. ஆகஸ்டு 15 காலையில் செங்கோட்டையில் கொடியேறுவதைப் பார்க்க உட்கார்ந்தவர் படம் முடியும்வரை எழுந்திருப்பதில்லை. 501 முதல் 3,000 வரை ஜனத்தொகையுள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் சபைக்குக் குறைவெண் நிறைந்துவிடும். அந்த நூறு பேருக்காக ஊராட்சிச் செயலர்கள் கையெழுத்துப் புத்தகத்தோடு வீடு வீடாக அலைய நேர்ந்தால் அது யாருக்கு இழிவு?

ஜனங்களை மட்டும் கடிந்து பயனில்லை. டெலிவிஷனை அணைத்துவிட்டு வருகிறவனுக்குச் சபையில் என்ன கிடைக்கிறது? முன்கூட்டியே எழுதப்பட்ட தீர்மானங்களை ஒருவர் வேகமாக வாசிக்கிறார், மற்றவர் கைதட்டுகிறார்கள். ஏரியின் மதகு ஏன் பழுதாகவே கிடக்கிறது, வேலைத் திட்டத்தில் கூலி ஏன் தாமதமாயிற்று என்று ஒரு ஸ்திரீ எழுந்து கேட்டால், மேலிடத்துக்கு எழுதுவோம் என்பதே விடை. மறு கூட்டத்திலும் அதே கேள்வி, அதே விடை. இதைவிட ஏற்கெனவே பார்த்த படத்தை மறுபடி பார்ப்பதே மேல் என்று அவர் கருதினால் நாம் எந்த முகத்தோடு குறை கூறுவது?

ஜில்லா அதிகாரிகளுக்கு நாம் சொல்வது இது. கூட்ட நேரத்தை ஒவ்வொரு ஊரின் வசதிக்கேற்ப மாற்றுங்கள்; வயல்வேலையும் அடுப்புவேலையும் முடிந்த மாலைப்பொழுது பல ஊர்களுக்குப் பொருந்தும். சென்ற கூட்டத்துத் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் என்னவாயின என்பதை முதலில் வாசித்த பிறகே புதிய தீர்மானத்தை எடுக்கவேண்டுமென்று உத்தரவிடுங்கள். வரவு செலவுக் கணக்கைச் சுவரில் தொங்கவிட்டால் போதாது. உரக்கப் படித்து, கேட்கிறவர்களுக்கு விடை சொல்லவேண்டும். தேச ஊழியர்களாகிய நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த சபைக்குத் தாங்கள் போவதோடு நில்லாமல், கிரைண்டரால் நேரம் மிச்சமான தங்கள் வீட்டு ஸ்திரீகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை வரும்வரை அருகிலேயே இருங்கள்.