ஒரு ‘&’ குறி போதும்!

மாணவர்களே, லிட்டில் இந்தியா கடைகளின் பட்டியலை இணையச் சேவையகத்தில் எக்ஸ்எம்எல் கோப்பாக உருவாக்கப் போகிறீர்களா? சிராங்கூன் சாலைப் பெயர்ப்பலகை ஒன்றில் ‘&’ இருந்தாலே போதும், கோப்பு முழுவதும் வாசிக்க முடியாமல் போய்விடும்!

எக்ஸ்எம்எல்லில் ‘&’ ஒரு சிறப்புக் குறியீட்டின் தொடக்கம். அது தனியாக நின்றால், வாசிக்கும் நிரல் அங்கேயே நிறுத்த வேண்டும். இது 1998 முதல் உள்ள விதி.

“இவ்வளவு கண்டிப்பு எதற்கு?” என்று கேட்கலாம். கண்டிப்பு நல்லது என்பதே என் கருத்து. விடுபட்டதை ஊகித்து நிரப்பும் நிரல், கடை முகவரியை மட்டுமல்ல, மருந்தின் அளவையும் தவறாகக் காட்டிவிடலாம்.

ஆகவே, சொற்களை ஒட்டி ஒட்டிக் கோப்பு எழுதாதீர்கள். பைத்தானில் உள்ள ‘எலிமென்ட்ட்ரீ’யிடம் அந்த வேலையைக் கொடுங்கள். எழுதும்போது அது ‘&’ குறியை முறைப்படி மாற்றிவிடும்; வாசிக்கும்போது பிழை எந்த வரியில் என்றும் சொல்லும்.