மலைமேல் போஸ்டிங்



கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் சொல்வது அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான். காரவள்ளியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறியிருப்பார்கள். நடுவில் குழந்தைக்கு வாந்தி என்று ஒருமுறை வண்டியை ஓரங்கட்டியிருப்பார்கள். மேலே போனதும் அன்னாசிப்பழம், ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் தரிசனம், இறங்கும்போது கால் கிலோ மிளகு. நமக்கு மலை அவ்வளவுதான்.

அதே வளைவுகளில், பிரசவ வலி கண்ட ஒரு பெண் இறங்க வேண்டியிருந்தால்? ராத்திரி பதினொரு மணி, மழை வேறு என்றால்?

மலைமேல் 14 நாடுகள், அதாவது 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, தேவனூர் நாடு, சேளூர் நாடு, குண்டனி நாடு என்று போகிறது பட்டியல். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 40 ஆயிரம் பேர். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். செம்மேட்டில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதுபோக ஆரம்ப சுகாதார நிலையங்கள், துணை சுகாதார நிலையங்கள். நாமக்கல்லில் 2022-ல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் அது கீழே இருக்கிறது. குண்டனி நாட்டிலிருந்து ஒருவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் என்னென்னவோ நடந்துவிடும்.

அதனால் மலையில் சின்ன ஆஸ்பத்திரிதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்க்கும் டாக்டரும் நர்ஸும் என்ன செய்கிறார்கள் என்று நாம் யோசித்துப் பார்த்ததுண்டா?

காலையில் காய்ச்சல், இருமல், சுகர், பிரஷர். சுகரா, மலையிலா என்று கேட்காதீர்கள். சாமையும் தினையும் விளைந்த காட்டில் இன்று மரவள்ளிக் கிழங்கு நிற்கிறது, அடுப்பில் ரேஷன் அரிசி வேகிறது. நம் வீட்டு வியாதியெல்லாம் அங்கேயும் ஏறிவிட்டது. மிளகு அறுப்புக் காலம் வந்தால் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறியவர்கள் விழுந்து, முறிந்த இடுப்பெலும்போடு வருவார்கள். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் வெளியூர்க் கூட்டம். அதில் நாலு பைக்காவது வளைவில் சறுக்கும். இத்தனைக்கும் ஒரே டாக்டர், ஒரே டியூட்டி ரூம். எலும்புக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர், மனசுக்கு ஒருவர் என்று பிரித்துப் பார்க்க அங்கே ஆள் கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாம்புக்கடி.

கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் கடித்ததே தெரியாது. தரையில் பாய் போட்டுத் தூங்கியவர் விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியாது. வீட்டில் அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி விரியன் வேறு மாதிரி. அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை எவ்வளவு எளிது தெரியுமா? சுத்தமான, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் ட்யூபில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். லேப் வேண்டாம், மெஷின் வேண்டாம், கரண்ட்கூட வேண்டாம்.

மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்துவிட்டது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் தமிழக அரசு சேர்த்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஃபிரிட்ஜில் இருக்கும் மருந்து தானாக நோயாளியின் உடம்புக்குள் போய்விடாதே!

அந்த மருந்தை ஏற்றும்போது சிலருக்கு அலர்ஜி வந்து பிரஷர் இறங்கும், மூச்சு திணறும். கையில் அட்ரினலின் ஊசியோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும். போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்து, ராத்திரியில் தனியாக இருக்கும் ஒரு டாக்டருக்கு என்ன தோன்றும்? "நமக்கு ஏன் வம்பு, ரெஃபர் பண்ணிடலாம்" என்றுதான் தோன்றும். குற்றம் சொல்ல மாட்டேன். பயம் இயற்கை. அதே டாக்டர் அங்கே மூன்று வருடம் இருந்திருந்தால், பத்து கடியைப் பார்த்திருந்தால், பக்கத்தில் நிற்கும் நர்ஸ் யார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அறிந்திருந்தால், ரெஃபர் சீட்டு எழுதும் முன்பே மருந்து ஏறத் தொடங்கியிருக்கும். பிறகு ஆம்புலன்ஸில் அனுப்பினாலும் நோயாளி உயிரோடு போய்ச் சேர்வார்.

கட்டடத்தைக் கட்டிவிடலாம். 108 வண்டியை நிறுத்திவிடலாம். இந்த மூன்று வருடத்தை யார் கொடுப்பது?

இங்கேதான் நம் வீடுகள் வருகின்றன. மகளுக்கோ மகனுக்கோ அரசு டாக்டர் வேலை கிடைக்கிறது. ஸ்வீட் பாக்ஸ் வாங்குகிறோம். போஸ்டிங் மலைமேல் என்று தெரிந்ததும் முகம் மாறுகிறது. "முதல்ல போய் ஜாயின் பண்ணும்மா, டிரான்ஸ்ஃபருக்கு யாரையாவது பிடிப்போம்" என்கிறார் அப்பா. "மலையில இருந்தா மாப்பிள்ளை எப்படி அமையும்?" என்கிறார் அத்தை. சென்னையில் யாரோ தெரிந்தவர் இருக்கிறார் என்கிறார் சித்தப்பா. நாம் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறோம். சிலர் சொல்லியும் இருக்கிறோம். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே திரும்பி வர வழி தேடும் ஒருவர், ஊர் மக்களின் பெயரைக் கற்றுக்கொள்வாரா?

இதே மலையில் தங்கியவர்களும் உண்டு. 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் மனைவி ஈவ்லினும் வாழவந்தியில் குடியேறினார்கள். மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஜெஸ்ஸி டாக்டர் பட்டம்கூடப் பெறவில்லை. மிஷனரிகளுக்காக லண்டனில் நடந்த ஒரு வருட மருத்துவப் பயிற்சிதான். அதை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அப்போது மலையில் நரம்புச் சிலந்தி அதிகம். காலில் கொப்புளம் கிளம்பி, உள்ளிருந்து நூல் மாதிரி புழு எட்டிப் பார்க்கும். அதைக் குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுந்தால் சீழ் பிடித்துவிடும்.

வந்தவர்களுக்கெல்லாம் புழு எடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஆனால் ஒரே ஊரில் வருடக்கணக்கில் இருந்தவருக்குத்தான் அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க நேரம் கிடைக்கும். படியிறங்கி, காலை நனைத்து, தண்ணீர் மொள்ளும் கிணறுகளிலிருந்துதான் வந்தது. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, வெளியே நின்று இறைக்கப் பழக்கினார். மருத்துவம் என்று நாம் நினைப்பதில் பாதி இப்படிக் கொத்தனார் வேலையாகவும் இருக்கிறது. 2000-ல் இந்தியாவே நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று சான்று பெற்றது. இன்றைய டாக்டர்களில் பலர் அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

ஜெஸ்ஸி 1929-ல் மலேரியா முற்றி இறந்தார். வயது 44. ஈவ்லின் தன் எழுபது வயதை ஒட்டி மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஊருக்குத் திரும்பவில்லை, மறுபடியும் மலைக்குத்தான் போனார். மட்டக்குதிரையிலும், அது முடியாதபோது மூங்கில் கழிகளை ஊன்றியும் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1974-ல் 95 வயதில் காலமாகி, வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இந்த மலையில் வளர்ந்த அவர்களுடைய மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். அப்பாவிடம் வந்த புண்களைப் பார்த்து, டாக்டர் படிப்பே வேண்டாம் என்று முதலில் கட்டட வேலை கற்கப் போனவர்! பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர் அவர்தான்.

"அவர்கள் மிஷனரிகள், அது வேறு காலம்" என்பீர்கள். சரி, நம் காலத்துக்கு வருவோம்.

தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கி. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. கொல்லிமலையைப் போலவே அங்கும் மலையாளிப் பழங்குடியினர். டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற தம்பதி, காந்திகிராமத்தில் வேலை பார்த்த பிறகு 1993-ல் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அரூருக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதைப் பார்க்கவில்லை என்று அவர்கள் எடுத்த கணக்கு சொன்னது. ஊர்க்காரர்கள் போட்டுக் கொடுத்த கூரைக் கொட்டகையில், ஒரு 100 வாட் பல்பு வெளிச்சத்தில் வைத்தியம் தொடங்கியது. பிரசவமும் அங்கேதான், ஆபரேஷனும் அங்கேதான்.

அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், வெளியூர் நர்ஸுக்காகக் காத்திருக்காததுதான். அந்தந்த ஊர்ப் பெண்களையே கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். ஊசி போட, பிரசவம் பார்க்க, ஆபரேஷனில் உதவ, எல்லாம் கற்றார்கள். வயது முதிர்ந்த அம்மாக்கள் சுகாதாரப் பணியாளர்களாகி, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணியின் எடையும் பிரஷரும் பார்த்தார்கள். இன்று அங்கே 30 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி. சிசு மரணம் பல மடங்கு குறைந்துவிட்டது.

நீலகிரி மாவட்டம் கூடலூரிலும் இதே கதைதான். டாக்டர் தேவதாசன், டாக்டர் ரூபா தம்பதி 1987-ல் தொடங்கிய பணி, 1990-ல் ஆதிவாசி மருத்துவமனையானது. ஆதிவாசிப் பெண்களே அங்கே நர்ஸ்கள். டாக்டர்கள் மாறினாலும் அவர்கள் மாறவில்லை.

டிரான்ஸ்ஃபர் கேட்காத ஒரே ஊழியர் உள்ளூர்க்காரர்தான். அவருக்கு அது போஸ்டிங் இல்லை, வீடு. கொல்லிமலைப் பெண்பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து நர்ஸிங் படித்து, குண்டனி நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ வேலைக்கு வந்தால் அங்கிருந்து கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை. கர்ப்பிணி எந்தக் காட்டு வீட்டில் இருக்கிறாள், எப்போது டோலி கட்டித் தூக்கிவர ஆள் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பிரசவத் தேதிக்கு முன்பே வந்து தங்குவதற்காக மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் பிரசவ காத்திருப்பு அறைகளை அரசு அமைத்தது. அருமையான ஏற்பாடு. ஆனால் மாட்டையும் மற்ற குழந்தைகளையும் விட்டுவிட்டு ஒரு பெண் அங்கே வந்து தங்க வேண்டுமானால், நம்பிக்கையான ஒருத்தி அவளிடம் போய்ப் பேச வேண்டாமா? மலையில் பிறந்த நர்ஸ்களுக்கு மலையிலேயே வேலை என்று அரசு ஒரு முடிவெடுத்தால் இந்தப் பிரச்னையில் பாதி தீரும் என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி டாக்டர்கள். பெற்றோரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் டியூட்டியிலிருந்த பெண் டாக்டர் கொல்லப்பட்டதைப் படித்த எந்தத் தாய்க்கு வயிறு கலங்காது? ஆனால் அது நடந்தது மலையில் இல்லை, மாநகரத்தின் நடுவில். பூட்டும் கதவுள்ள குவார்ட்டர்ஸ், தண்ணீர் வரும் பாத்ரூம், ராத்திரி ஒரு வாட்ச்மேன், பேசினால் கேட்கும் செல்போன் சிக்னல். இவற்றைக் கேட்க டாக்டருக்கு உரிமை இருக்கிறது, கொடுக்க அரசுக்குக் கடமை இருக்கிறது. இவை இல்லாமல் "சேவை மனப்பான்மை" பற்றி மேடையில் பேசுவதை நிறுத்திவிடலாம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. மலை மாதிரியான எட்டாத இடங்களில் வேலை பார்க்கும் அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் உண்டு. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, மூன்று வருடம் மலையில் இருப்பதால் பிள்ளையின் எதிர்காலம் பாழாகிவிடாது. இருபத்தாறு வயதில் நூறு பிரசவமும் பத்துப் பாம்புக்கடியும் பார்த்த ஒரு டாக்டரைக் கீழே எந்த ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லப்போகிறது?

வாசகர்களே, உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் ஆளைப் பிடிக்கப் போனை எடுக்காதீர்கள். ஒரு ஸ்வெட்டரும் நல்ல டார்ச் லைட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பி வையுங்கள். முதல் மாதம் கூடப் போய் இருந்துவிட்டு வாருங்கள், தப்பே இல்லை.

மலையில் வேலை பார்த்த, பார்க்கிற டாக்டர்கள், நர்ஸ்கள், 108 ஓட்டுநர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கொல்லிமலையோ, ஏற்காடோ, ஜவ்வாது மலையோ, எந்த மலையானாலும் சரி. என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, ஏன் இருந்தீர்கள், ஏன் வந்துவிட்டீர்கள் என்று ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். கடிதங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்