ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஏன் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்த வருஷம் என் ரேட்டிங் போச்சு, இன்கிரிமென்ட் போச்சு.

கடனுக்கு வட்டி போடுகிற புரோகிராம். நடுவில் ஒரு கண்டிஷன்: கிளை எண் 17 என்றால் வட்டி வேண்டாம். ஏன் 17? கோர்ட் தடையா? கிளையையே மூடிவிட்டார்களா? யாரோ டெஸ்டிங்குக்குப் போட்டு எடுக்க மறந்ததா? மேலே ஒரு கமென்ட்: "தொடாதே." அவ்வளவுதான். கிட் ஹிஸ்டரியைத் தோண்டினால் "ஃபிக்ஸ்" என்று ஒற்றைச் சொல். எழுதினவர் வேலையை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. ஆடிட்டர் முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார்ந்தது நான்.

கமென்ட் எழுதத் தெரியாதவரும் இல்லை அவர். கவுண்டரில் ஒன்றைக் கூட்டுகிற வரிக்கு மேலே "கவுண்டரில் ஒன்றைக் கூட்டுகிறோம்" என்று எழுதியிருக்கிறார்! அது எனக்குத் தெரியாதா ஐயா? என்ன செய்கிறது என்பதைக் கோடே சொல்லிவிடும். ஏன் செய்கிறது என்பது உங்கள் தலைக்குள் அல்லவா இருந்தது? அதைக் கையோடு கொண்டுபோய்விட்டீர்களே!

சின்ன விஷயம் என்கிறார்கள். 1996 ஜூன் 4-ஆம் தேதி ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே சுமார் 40 நொடியில் வெடித்துச் சிதறியதே, அது சின்ன விஷயமா? ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட புரோகிராம். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் மாற்றுகிற இடத்தில் கொள்ளாமல் போனது. ஏழு மாறிகளில் நாலுக்குப் பாதுகாப்புப் போட்டவர்கள் மூன்றை விட்டுவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அந்த எண்கள் அவ்வளவு பெரிதாக வளராது என்று நம்பினார்கள். அந்தக் காரணம் சோர்ஸ் கோடில் எங்கேயும் இல்லை என்று விசாரணைக் குழுவே எழுதியிருக்கிறது. கமென்ட் இருந்திருந்தால் ராக்கெட் தப்பியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். "புது ராக்கெட்டுக்கும் இது பொருந்துமா?" என்று ஒருத்தராவது கேட்டிருப்பார் இல்லையா?

"நல்ல கோடு தானே பேசும்" என்று மீட்டிங்கில் பெருமை பேசுகிறவர்களே, அது யாரிடம் பேசியது? ராத்திரி ரெண்டு மணிக்குக் கண் எரிய உட்கார்ந்திருந்த என்னிடம் பேசவில்லையே! டெட்லைன் என்கிறீர்கள். நீங்கள் மிச்சம் பிடித்த அந்த ரெண்டு நிமிஷத்துக்கு யாருடைய தூக்கம் போனது?

போன வாரம் நானே ஒரு கண்டிஷன் போட்டேன். எந்த விதிக்காக, யார் கேட்டு, எப்போது எடுத்துவிடலாம் என்று மேலே நாலு வரி எழுதினேன். ரிவ்யூவில் பதில் வந்தது: "தேவையில்லாத வளவளப்பு, எடுத்துவிடு."

எடுக்க மாட்டேன். என் ரேட்டிங்கில் இன்னும் வெட்ட என்ன மிச்சம் இருக்கிறது? வெட்டிக்கொள்ளுங்கள்.