இல்லம் தேடும் முன் எழும்பூர் போங்க!

"அப்பாவுக்குக் கண் சரியாத் தெரியலை. ராத்திரி தடுக்கி விழறாரு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். யார் பார்த்துக்கிறது?"

முதியோர் இல்லம் தேடும் பலர் சொல்லும் காரணம் இது. நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி: பெரியவரின் கண்ணை டாக்டரிடம் காட்டினீர்களா?

நம் நாட்டில் 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பார்வை போக முதல் காரணம் கண்புரை. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு வேண்டாம். சிலருக்குக் கண்ணாடியை மாற்றினாலே போதும்.

கண் நீர் அழுத்த நோய் வேறு ரகம். போன பார்வை வராது. இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். எனவே தள்ளிப் போடாதீர்கள்.

எல்லாம் செய்தும் பலனில்லையா? இல்லத்தில் சேர்ப்பது பாவமல்ல. ஆனால் முதலில் நேரில் போய்ப் பாருங்கள். கக்கூஸ் பக்கம் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா? ராத்திரி விளக்கு எரிகிறதா? கைப்பிடித்து நடத்த ஆள் உண்டா?

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது 2007-ம் ஆண்டுச் சட்டம். இல்லத்தில் விட்டுவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

கண்ணில் உள்ள புரையை எடுக்காமல், பெரியவரையே வீட்டை விட்டு எடுப்பது என்ன நியாயம்?