ஏழையின் சட்டிக்குள் நுழையும் சட்டம்

அரைக் கிலோ எருமைக் கொத்துக்கறி, ஒரு பிடி கடலைப்பருப்பு, கொஞ்சம் வெங்காயமும் இஞ்சியும் மிளகாயும். வேகவைத்து, அரைத்து, வட்டமாகத் தட்டிச் சுட்டெடுத்தால் ஆறு பேர் கொண்ட குடும்பத்தின் இரவு உணவு தயார். வட இந்திய நகரங்களின் உழைப்பாளர் குடியிருப்புகளில் அதற்கு ஷாமி கபாப் என்று பெயர். கேரளத்தில் அதே கொத்துக்கறி உருளைக்கிழங்கோடு சேர்ந்து கட்லெட் ஆகிறது. நார் மிகுந்த மலிவான துண்டுகளைக் கொத்தி மென்மையாக்கி, பருப்போ கிழங்கோ சேர்த்துப் பெருக்கி, எல்லார் தட்டிலும் சிறிதளவேனும் புரதம் விழச் செய்வது உழைப்பாளி வீட்டுப் பெண்களின் கணக்கு. ஆட்டிறைச்சியின் விலையில் பாதிகூட இல்லாத இறைச்சியில்தான் அந்தக் கணக்கு சரிப்படும்.

அந்தக் கணக்கில்தான் பாஜக அரசுகள் கைவைத்திருக்கின்றன. 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் பசுவோடு காளையும் எருதும் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றின் இறைச்சியை வைத்திருந்தாலே ஓராண்டு வரை சிறை என்றது சட்டம். குஜராத்தில் 2017-இல் பசுவதைக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வகை செய்யப்பட்டது. கர்நாடகத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதைக் கடந்த எருமையைத் தவிர அனைத்துக்கும் தடை விதித்தது. மாட்டுக்கு அண்டை மாநிலத்தை நம்பியிருந்த கோவாவின் இறைச்சிக் கடைகளும் அதனால் தவித்தன. எருமைக்குத் தடையில்லாத உத்தரப் பிரதேசத்திலோ, 2017-இல் ஆதித்யநாத் பதவியேற்றவுடன் ‘சட்டவிரோத’ இறைச்சிக்கூடங்களை மூடும் நடவடிக்கை பாய்ந்தது. உரிமம் தர வேண்டியதும் நவீன இறைச்சிக்கூடம் கட்ட வேண்டியதும் உள்ளாட்சிகளின் கடமை. கடமை தவறியது அரசு. கடை இழந்தவர் கசாப்புத் தொழிலாளி. உணவுப் பழக்கம் வாழ்வுரிமையோடு பிணைந்தது என்று அலகாபாத் உயர்நீதிமன்றமே அரசுக்கு நினைவூட்ட நேர்ந்தது.

அடுத்தடுத்த இரு பிரிவுகள்

தடைச் சட்டங்களை ஆதரிப்போர் அரசமைப்பின் 48-ஆவது பிரிவைக் காட்டுகின்றனர். அது வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் அறிவியல் வழியில் அமைக்கச் சொல்லும் பிரிவு; மத நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டதன்று. அதற்கு நேர் முன்னே நிற்கும் 47-ஆவது பிரிவை இவர்கள் வாசிப்பதே இல்லை. மக்களின் ஊட்டச்சத்து நிலையை உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என்கிறது அது. அந்தக் கடமை நிறைவேறிய அழகை 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது: 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை.

“புரதத்துக்கு வேறு வழியா இல்லை?” என்பது அவர்களின் அடுத்த வாதம். வேறு வழியை அவர்கள் திறந்துவைத்தார்களா? 2015-இல் மத்தியப் பிரதேசத்தில் பழங்குடி மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனை வந்தபோது, அதைத் தடுத்தவர் அன்றைய பாஜக முதல்வர் சிவராஜ் சிங் சவுகான். மாட்டிறைச்சியும் கூடாது, முட்டையும் கூடாது, பருப்பு விலையும் எட்டாது என்றால் மிச்சம் இருப்பது பட்டினியே.

மாட்டிறைச்சி ஏழைகளின் மலிவு உணவு என்பதை 1958-இலேயே உச்சநீதிமன்றம் பதிவு செய்தது. பயன் தீர்ந்த எருதையும் எருமையையும் வெட்டுவதற்கு முழுத் தடை விதிப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்றும் அன்று தீர்ப்பளித்தது. 2005-இல் அதே நீதிமன்றம் நிலை மாறி, சாணத்தின் மதிப்பைக் கோஹினூர் வைரத்துக்கும் மேலாக வைத்தது. வைரத்தினும் உயர்ந்த சாணத்தைத் தரும் கிழட்டு மாட்டுக்கு யார் தீனி போடுவது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

உழவனுக்குச் சுமை, பெருநிறுவனத்துக்குச் சந்தை

அந்தக் கேள்வி உழவரின் கழுத்தை நெரிக்கிறது. உழைத்து ஓய்ந்த எருதை விற்று, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து இளங்காளையோ கறவை மாடோ வாங்குவதே சிறு விவசாயியின் பொருளாதாரம். சந்தை மூடப்பட்டதும் மாடு சொத்து என்ற நிலை போய்க் கடனாக மாறியது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தெருவில் திரியும் மாடுகள் 50 லட்சத்துக்கு மேல். உத்தரப் பிரதேச விவசாயிகள் இரவெல்லாம் கண்விழித்துப் பயிரைக் காக்கும் நிலை 2022 தேர்தலில் பெரும் பிரச்சினையாக வெடித்தது.

மறுபுறம், எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்னணி நாடு. 2014 தேர்தல் மேடைகளில் ‘இளஞ்சிவப்புப் புரட்சி’ என்று இந்த ஏற்றுமதியைச் சாடியவர் நரேந்திர மோடி. அவருடைய ஆட்சியில், 2023-24-இல் அதன் மதிப்பு சுமார் 31 ஆயிரம் கோடி ரூபாய். குளிரூட்டிய கப்பலில் வியட்நாமுக்கும் எகிப்துக்கும் போகும்போது அந்த இறைச்சி அந்நியச் செலாவணி. தெருமுனைக் கடையில் தொங்கினால் குற்றத் தடயம். மலப்புரம் இடைத்தேர்தலில் நல்ல மாட்டிறைச்சிக்கு உறுதியளித்தவர் பாஜக வேட்பாளர். மேகாலயத்தில் மாட்டிறைச்சியை அதிகம் உண்ணுங்கள் என்றவர் பாஜக அமைச்சர். புனிதம் மாநில எல்லைக்கேற்பவும் வாக்கு எண்ணிக்கைக்கேற்பவும் மாறுகிறது. மாறாதது ஒன்றே: 2015-இல் தாத்ரி அருகே முகமது அக்லாக்கை வீட்டிலிருந்து இழுத்துக் கொன்ற கும்பலின் துணிச்சல். கொலைக்குப் பின் இறைச்சி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. கொல்லப்பட்டவரே குற்றவாளிபோல் ஆராயப்பட்டார்.

தயக்கமும் சடங்கும்

“உணவு தனிமனித விருப்பம், பெரும்பான்மையோரின் உணர்வைச் சீண்டுவானேன்?” என்ற குரல் முற்போக்கு வட்டாரங்களிலும் கேட்கிறது. இந்தத் தயக்கம் எதிரியின் கதையை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. 2011-12 தேசிய மாதிரி ஆய்வின்படி, மாட்டிறைச்சியோ எருமை இறைச்சியோ உண்போர் ஏறத்தாழ 8 கோடி. அவர்களில் ஒன்றேகால் கோடிப் பேர் இந்துக்கள். இசுலாமியர், தலித்துகள், பழங்குடியினர், கிறித்தவர் ஆகியோரின் அடுப்பு இது. எவரையும் மாட்டிறைச்சி உண்ணுமாறு கட்சி அழைக்கவில்லை. எவர் சட்டிக்குள்ளும் காவல்துறையோ கும்பலோ எட்டிப் பார்க்கக் கூடாது என்பதே கோரிக்கை. மரக்கறி மட்டுமே உண்ணும் தோழரும் தயக்கமின்றி உயர்த்தக்கூடிய கோரிக்கை அது.

மறுகோடியில் இன்னொரு பிழை இருக்கிறது. வளாகத்தில் ஒருநாள் மாட்டிறைச்சி விருந்து, அடுத்த நாள் மறதி. தடைக்கு எதிரான அடையாளப் போராட்டத்துக்கு இடமுண்டு. ஆனால் விருந்து முடிந்த பின்னும் கசாப்புக்காரருக்கு உரிமம் கிடைப்பதில்லை, விவசாயியின் மாடு விலைபோவதில்லை.

ஆகவே போராட்டம் மூன்று முனைகளிலும் இணைய வேண்டும். உள்ளாட்சிகள் தூய்மையான இறைச்சிக்கூடங்களைக் கட்டி உரிமம் வழங்க வேண்டும். மாட்டுச் சந்தைகளும் மாட்டுப் போக்குவரத்தும் அச்சமின்றி நடக்க வேண்டும். கும்பல் கொலைகளுக்கு எதிராக 2018-இல் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளைகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் நடைமுறைக்கு வர வேண்டும். அங்கன்வாடிக்கு முட்டையும் நியாயவிலைக் கடைக்குப் பருப்பும் இந்தக் கோரிக்கைகளோடு சேர்ந்தே எழ வேண்டும்.

விவசாயச் சங்கமும் இறைச்சித் தொழிலாளரும் மாதர் அமைப்பும் ஒரே மேடையில் நின்றால், பசுவின் பெயரால் பிரிக்கப்பட்டவர்கள் பசியின் பெயரால் ஒன்றுசேர்வார்கள். ஆளும் வர்க்கம் அஞ்சுவது அந்த ஒற்றுமைக்கே.