தாழ்தளப் பேருந்து வேண்டும். அதுவும் பொதுத்துறையில் வேண்டும்

பேருந்தின் இயல்பைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியும் கூண்டு அன்று. அதன் அடியில் உள்ள சேசிஸ்தான். எஞ்சினின் இடம், தளத்தின் உயரம், வாயிலின் அகலம் ஆகியவற்றுடன், யாரால் ஏற முடியும், யாரால் முடியாது என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. நெடுந்தூரப் பேருந்துக்கு உயர்ந்த தளம் பொருந்தும். அடியில் சுமை வைக்க இடம் கிடைக்கும். நிறுத்தந்தோறும் நின்று செல்லும் நகரப் பேருந்துக்கோ தாழ்ந்த தளமும் அகன்ற வாயில்களும் தேவை.

ஆனால் இந்தியாவில் பல பத்தாண்டுகளாக இரண்டுக்கும் லாரியின் சேசிஸே அடித்தளமாக இருந்தது. அது மலிவானது, கரடுமுரடான சாலையைத் தாங்கியது, எந்தப் பணிமனையிலும் பழுதுநீக்க முடிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கான விலையை முதியோரும், கர்ப்பிணிகளும், கூடை சுமக்கும் உழைக்கும் பெண்களும், மாற்றுத்திறனாளிகளும் கொடுத்தனர். எஞ்சினின் வெப்பத்தை ஓட்டுநர் நாள் முழுவதும் சுமந்தார்.

2008இல் ஒன்றிய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரப் பேருந்துகளுக்கான விதிமுறைகளை வகுத்து, 400, 650, 900 மில்லிமீட்டர் எனத் தள உயரங்களை வரையறுத்தது. அடுத்த ஆண்டு நேரு நகர்ப்புறப் புத்தாக்கத் திட்டத்தின்கீழ் பேருந்து வாங்கவே நிதி வழங்கப்பட்டது. தாழ்தளப் பேருந்து பல நகரங்களுக்கு அறிமுகமானது அப்போதுதான்.

இன்று மின்பேருந்தின் பெயரால் வேறொரு மாற்றம் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் மின்பேருந்துத் திட்டம் 57,613 கோடி ரூபாய் மதிப்பில் 10,000 பேருந்துகளை இயக்க முனைகிறது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 20,000 கோடி. ஆனால் வழிமுறை அரசு-தனியார் கூட்டு. பேருந்து தனியாருக்குச் சொந்தம். ஓட்டுநர் ஒப்பந்ததாரரின் ஊழியர். கிலோமீட்டர் கணக்கில் பணம் தருவது பொதுத்துறை. கட்டண வருவாய் குறைந்தால் அந்தச் சுமையும் பொதுத்துறையின் தலையில்தான் விழும்.

சேசிஸ் வாங்கித் தாமே கூண்டு கட்டி வந்த மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தாப்போடி போன்ற பணிமனைகளுக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. தலைமுறைகளாகச் சேர்ந்த தொழில்திறன் கேட்பாரற்றுப் போகிறது. உழைப்பாளருக்குக் கிடைப்பது என்ன? 2023 ஆகஸ்டில் மும்பையில் ஒப்பந்த ஓட்டுநர்கள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, பெஸ்ட் நிறுவனத்துக்காக இயங்கிய நூற்றுக்கணக்கான வாடகைப் பேருந்துகள் நின்றன. நகரத்தின் போக்குவரத்து யார் கையில் இருக்கிறது என்பதை மக்கள் அன்று கண்டனர்.

பழைய சேசிஸைக் காப்பது இடதுசாரிகளின் வேலை அன்று. புகையற்ற, தாழ்தளமுடைய பேருந்தில் ஏறுவது உழைக்கும் மக்களின் உரிமை. அதை அடையப் பொதுச்சொத்தைத் தாரைவார்க்க வேண்டும் என்பதே ஏற்க முடியாத வாதம். மானியம் போக்குவரத்துக் கழகங்களுக்கு நேரடியாகச் செல்லட்டும். பணிமனைகள் புதிய தொழில்நுட்பத்துக்கு ஏற்ப மாற்றப்படட்டும். ஓட்டுநர்கள் நிரந்தர ஊழியர்களாகட்டும். பயணிகளையும் போக்குவரத்துத் தொழிலாளர்களையும் இந்த மூன்று கோரிக்கைகளின் பின்னே ஒரே அணியில் திரட்டுவதே கட்சி அணிகளின் உடனடிக் கடமை.