பட்டியலில் இருந்து விழுந்த பெயர்கள்



பெரகல சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்புள்ள, ஒங்க சங்கத்து லிஸ்டுல எம் பேரு மட்டும் ஏன் இல்ல? நான் உசுரோடதானே இருக்கேன்?"

1977 கலவரத்தின் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் அவருடையது. 2009 இல் போர் முடிந்தபின், கணவரை இழந்து, பிள்ளைகளோடு தங்கையின் லயத்துக்குத் திரும்பி வந்தவர். பட்டியலில் பெயர் இல்லாமற் போவதென்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கும்தான்.

எங்கள் சங்கத்தின் விபரங்களை மைக்ரோசொஃப்ட் அக்சஸில் பதிகிறவள் நான். அவருடைய விபரத்தைப் பதிந்தது நன்றாக நினைவிருந்தது. போய் அட்டவணையைத் திறந்து பார்த்தேன், பெயர் இருந்தது. அச்சிடும் ரிப்போர்ட்டில்தான் இல்லை.

காரணம் இதுதான். ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஒரு குவெரி இருக்கும். எங்களுடையது பெண்கள் அட்டவணையையும் தோட்டங்கள் அட்டவணையையும் இணைக்கிறது. இரண்டிலும் பொருந்துகிறவர்களை மட்டும் எடுப்பது அதன் வழக்கம். அக்காவின் தோட்டக் கட்டம் வெறுமையாக இருந்தது. வன்னி முகவரியை எதில் சேர்ப்பதென்று தெரியாமல் நானேதான் அதை விட்டிருந்தேன். கணனியைத் திட்டிப் பயனில்லை.

குவெரியை டிசைன் பார்வையில் திறந்து, இரு அட்டவணைகளையும் இணைக்கும் கோட்டின் மேல் இருமுறை சொடுக்குங்கள். மூன்று தெரிவுகள் வரும். பெண்கள் அட்டவணையில் உள்ள எல்லோரையும் எடுக்கச் சொல்லும் தெரிவைக் குறியுங்கள். நான் அப்படிச் செய்ததும் ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். ஏழு பேருமே வெளி மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள்.

பெயர் காணவில்லை என்றதும் புதிதாகப் பதிந்துவிடாதீர்கள். முதலில் அட்டவணையைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒருவரே இருவராகிவிடுவார். அடையாள அட்டை இலக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. 2016 முதல் வழங்கப்படும் இலக்கம் 12 எண்கள். பழையது 9 எண்களும் ஓர் எழுத்தும். பழைய அட்டையோடு ஒருமுறையும் புதிய அட்டையோடு ஒருமுறையும் வந்தவர் எங்கள் பட்டியலில் இருவராக இருந்தார். பழைய இலக்கத்தின் முன் 19 போட்டு, அதன் முதல் ஐந்து எண்களுக்குப் பின் ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் கிடைக்கும். அப்படி ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கட்டத்தை எண் வகையாக வைக்காமல் எழுத்து வகையாக வையுங்கள். அதன் அளவு 10 என்று இருந்தால் 12 ஆக்குங்கள். இல்லையேல் புதிய இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களை அது ஏற்காது.

படிவத்தைத் திறந்ததும் ஒருவரையும் காணோமா? நெஞ்சு பதறத்தான் செய்யும், ஆனாலும் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். படிவத்தின் புரொப்பர்ட்டியில் 'டேட்டா என்ட்ரி' என்பது 'யெஸ்' என்று இருந்தால் அது புதிய பதிவுக்கு மட்டுமே திறக்கும். 'நோ' ஆக்குங்கள். வடிகட்டி ஏதும் போட்டபடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அச்சிடும்போது ஒன்றுவிட்டு ஒரு தாள் வெறுமையாக வந்தால், ரிப்போர்ட் தாளை விட அகலம் என்று அர்த்தம். ஏ4 தாள் 21 சென்ரிமீற்றர். இரு பக்கமும் 2.5 ஓரம் விட்டால், ரிப்போர்ட்டின் அகலம் 16 ஐத் தாண்டக்கூடாது. தாள் விற்கும் விலையில் இதை முதலில் திருத்துங்கள்.